மேலே அனுப்பிய கடிதங்கள்

ஜூலை 14, ஞாயிறு

பூசை முடிந்து வந்ததிலிருந்து மேசையை விட்டு எழவில்லை. முப்பத்தைந்து அட்டைகளும் லேமினேஷன் ஆகி வந்துவிட்டன. ஜெராக்ஸ் கடைக்கு இன்று லீவு. பிள்ளைகள் விஷயம் என்றதும் கடைக்காரர் பாதி ஷட்டரைத் தூக்கிச் செய்துகொடுத்தார். ஒவ்வொன்றும் சீட்டுக்கட்டு அளவு. மூலையில் துளையிட்டு மூன்று முழம் வெள்ளை ரிப்பன் கோத்தேன். அவிழக் கூடாதென்று ஒவ்வொன்றுக்கும் இரட்டை முடிச்சு.

லேமினேஷன் என் யோசனைதான். காகிதமாக விட்டால் மேலே ஈரத்தில் எழுத்து கலைந்துவிடும் என்றேன். சிஸ்டர் ஜூலியானா, எங்கள் தலைமை ஆசிரியை, "எல்லாத்தையும் யோசிக்கிறீங்க எமி" என்றார்.

நாளை கல்வி வளர்ச்சி நாள். கள்ளிமுனையில் இருப்பது எங்கள் ஒரு தொடக்கப்பள்ளிதான், இருநூறு பிள்ளைகள். ஆளுக்கொரு வெள்ளை பலூன். என் வகுப்பு, அதாவது மூன்றாம் வகுப்பு, முப்பத்து நான்கு பேர். அவர்களுடைய பலூனில் மட்டும் பெனிட்டாவுக்குக் கடிதம் இருக்கும். போன வருடம் இவர்களோடு இரண்டாம் வகுப்பில் என்னிடம் படித்தவள், இந்த வருடம் வகுப்போடு நானும் மூன்றாவதுக்கு வந்துவிட்டேன். மார்ச்சில் ஆண்டுவிழாவுக்கு நான்கு நாள் இருக்கும்போது காய்ச்சல் வந்தது. ஆறாம் நாள் தூத்துக்குடி ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். டெங்கு. ஏழு வயது.

முப்பத்தைந்தாவது அட்டை அவளுடைய அம்மா ரெக்ஸலின் எழுதியது. உறையில் போட்டு ஒட்டிக் கொடுத்தாள். உறையோடுதான் லேமினேஷன் செய்தோம்.

மோட்டாரில் தண்ணீர் ஏறவில்லை. நாளை பிளம்பரைக் கூப்பிட வேண்டும்.

ஜூலை 15, திங்கள்

நன்றாக நடந்தது. தூத்துக்குடியிலிருந்து கேஸ் சிலிண்டரோடு ஆள் ஏழு மணிக்கே வந்துவிட்டார். கடிதப் பலூன்களின் கழுத்தில் ரிப்பனை நானே இரட்டை முடிச்சாகக் கட்டினேன். ஜெபம், பேச்சுப் போட்டி, பரிசு. பதினொரு மணிக்கு மைதானத்தில் வரிசையாக நிற்கவைத்து, நான் மூன்று எண்ணினேன், விட்டார்கள். நல்ல மேல்காற்று. ஒரு நிமிடம் கூரைக்கு மேலே வெள்ளையாகக் கூட்டமாக நின்றது போலிருந்தது, பிறகு மொத்தமும் கடல் பக்கம் சாய்ந்து போனது. பிள்ளைகள் கத்திய கத்தில் கோயில் புறாக்கள் கலைந்துவிட்டன.

ரெக்ஸலின் தன்னுடையதைக் கடைசியாகத்தான் விட்டாள். ரிப்பனைப் பிடித்த கையை மெல்ல மெல்லத் திறந்தாள். அவள் கணவர் கென்னடி கேட்டுக்கு வெளியே சைக்கிளோடு நின்றார், உள்ளே வரவில்லை.

என் வகுப்பு ஹில்டா கேட்டாள், "டீச்சர், பதில் வருமா?"

"மனசுக்குள்ள வரும்" என்றேன்.

பலூன்கள் எங்கே போகும் என்று சிலிண்டர்காரரிடம் ஒரு பேச்சுக்குக் கேட்டேன். "மேல போயி வெடிச்சிரும் டீச்சர். ரப்பர்தான, தானா மக்கிரும்" என்றார்.

ஜூலை 16, செவ்வாய்

பிளம்பர் வரவில்லை. கணக்கு நோட்டு திருத்தினேன்.

ஜூலை 23, செவ்வாய்

வகுப்புக்கு ஒரு தெர்மாமீட்டர் வாங்கி வைத்திருக்கிறேன், நெற்றிக்கு நேரே காட்டினால் எண் தெரிகிற வகை. காலையில் வருகைப்பதிவு எடுக்கும்போதே ஒவ்வொருவருக்கும் பார்த்துவிடுகிறேன். முப்பத்து நான்கு பேருக்கு ஆறு நிமிடம் ஆகிறது.

இன்று ஹில்டா இரண்டு தும்மல் போட்டாள். வீட்டுக்கு அனுப்பினேன். சிஸ்டர் கூப்பிட்டுக் கேட்டார். "காய்ச்சலும் இல்ல, ஒண்ணும் இல்ல. இந்த மாசம் இது அஞ்சாவது பிள்ள. தாய்மாரு வேலைக்குப் போறவங்க, பாதியில வந்து கூட்டிட்டுப் போகணும்ல எமி."

சரி சிஸ்டர் என்றேன்.

மஸ்கட்டிலிருந்து இவர் போன் செய்தார். மோட்டார் சரியாகிவிட்டதா என்று கேட்டார். சரியாகிவிட்டது.

ஆகஸ்ட் 2, வெள்ளி

சாயங்காலம் மீன் வாங்கக் கரைக்குப் போனேன். கென்னடியின் வள்ளத்தைச் சுற்றி ஒரே கூட்டம். ஆமை கொண்டுவந்திருக்கிறார். பங்குனி ஆமை என்கிற கடலாமை, ஈரச் சாக்கு போர்த்தி வள்ளத்துக்குள் கிடத்தியிருந்தார். ஆமையைத் தொட்டாலே கேஸ் என்று பயப்படுகிற ஊர் இது. ஏன் தூக்கினாய் என்று இரண்டு பேர் அவரைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். "கரையிலருந்து முக்கா மணி தூரத்துல மெதந்துட்டுக் கெடந்துச்சு. முங்கப் பாக்கு, முங்க முடியல. நான் பக்கத்துல போயும் ஓடல. விட்டுட்டு வரச் சொல்லுதியளா?" என்றார் அவர். ஏற்கெனவே வனத்துறைக்குப் போன் போட்டுவிட்டாராம்.

இடது முன்துடுப்பில் ஆழமான வெட்டு. வாயோரத்திலிருந்து ஒரு ரிப்பன் தொங்கியது, முனை புதிதாக வெட்டப்பட்டிருந்தது. வெள்ளை ரிப்பன்.

வெள்ளை ரிப்பன் எந்த ஃபேன்சி ஸ்டோரிலும் கிடைக்கும்.

மீன் வாங்காமல் வந்துவிட்டேன். முட்டை இருந்தது.

ஆகஸ்ட் 3, சனி

ஆமையை ஊருக்குத் தெற்கே மூடிக்கிடக்கும் இறால் பண்ணையின் சிமெண்ட் தொட்டியில் கடல் தண்ணீர் நிரப்பி விட்டிருக்கிறார்களாம். கால்நடை டாக்டர் தினமும் வந்து பார்ப்பாராம். பால்காரர் சொன்னார்.

இரண்டாம் வகுப்புத் தமிழ் நோட்டுகளையும் சேர்த்துத் திருத்திக் கொடுத்தேன், அந்த டீச்சர் லீவு.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

மத்தியானம் கென்னடி வீட்டுக்கு வந்தார். இதுவரை வந்ததில்லை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். லேமினேஷன் அட்டை. ஓரம் மடங்கி, உப்பு படிந்திருந்தது. எழுத்து கொஞ்சமும் கலையவில்லை.

"பெனிட்டா, உன் பென்சில் டப்பா என்கிட்ட பத்திரமா இருக்கு. நீ வந்தா தாரேன். ஹில்டா."

"ஆமைக்கக் கையில சுத்திக் கெடந்துச்சு டீச்சர். ரிப்பன் வாய்க்குள்ள போயி, இந்தப் பக்கம் கையில மாட்டி, நீந்த நீந்த அறுத்திருக்கு. கரைக்கு வரதுக்கு முந்தியே இத வெட்டி எடுத்துட்டேன். யாரும் பாக்கல."

அவர் வாசல் பக்கம் பார்த்துக்கொண்டு பேசினார்.

"தூரத்துல ஏதோ வெள்ளையா மினுங்குதேன்னுதான் போனேன். எம்பிள்ள பேரு எழுதியிருக்கு. நடுக்கடல்ல. ஒரு நிமிசம் எனக்கு என்னன்னே புரியல."

காபி போடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். போகும்போது திரும்பி, "ரெக்ஸலின்கிட்ட இத சொல்லிராதீய. அது மேல போயிட்டுன்னு நெனச்சிட்டு இருக்கா. அது ஒண்ணுதான் அவளுக்கு இப்ப" என்றார்.

அட்டையை அவர் எடுத்துப் போகவில்லை.

ஆகஸ்ட் 7, புதன்

குழாயில் நன்றாகக் கழுவினேன். பைபிளுக்குள் வைத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 10, சனி

பள்ளி அரை நாள். தொட்டிக்குப் போனேன்.

டாக்டர் பெயர் முப்பிடாதி. முப்பது வயதுதான் இருக்கும். பேன்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு தொட்டிக்குள் நின்றிருந்தார். ஊர்க்காரர்கள் வந்து பார்ப்பது அவருக்குப் பிடித்திருக்கிறது போல, நான் கேட்காமலே எல்லாம் சொன்னார்.

ஆமை ஒருக்களித்து மிதந்தது. வலது பக்கம் தூக்கி, இடது பக்கம் தாழ்ந்து. தலையைக் கீழே குத்தித் துழாவும், பின்பக்கம் மேலே எழும்பும், அவ்வளவுதான், மறுபடி மிதக்கும். "ரிப்பன் தொண்டைக்குள்ள போகுது, பலூன முழுங்கியிருக்கு" என்றார். "வெடிச்ச பலூன் தண்ணியில கெடந்தா சொறி, அதான் ஜெல்லி மீன், அது மாதிரியே இருக்கும். சொறிதான் இதுக்கு சாப்பாடு. குடல்ல அடைச்சு, பின்னால வாயு கட்டிக்கிச்சு. முங்க முடியாது. முங்காட்டி இரை எடுக்க முடியாது, படகு வந்தா விலக முடியாது. எக்ஸ்ரேல ரப்பர் தெரியாது, அதனால எவ்வளவு இருக்குன்னு தெரியல. பாரஃபின் எண்ணெய் குடுத்திட்டிருக்கேன். தானா வெளிய வந்தாத்தான்."

"ரப்பர் மக்கிராதா டாக்டர்?"

"மக்கும். வருசக்கணக்கு ஆகும். இது வயித்துல அவ்வளவு நாள் இடம் இல்லையே."

ரிப்பனைப் பிடித்து இழுக்காமல் வெட்டிவிட்டது நல்லது, இழுத்திருந்தால் குடல் கிழிந்திருக்கும் என்று கென்னடியைப் பாராட்டினார். பிறகு கேட்டார், "இந்தப் பக்கம் எங்கயாவது பலூன் விட்டாங்களா டீச்சர்? உங்களுக்குத் தெரியுமா?"

"எங்க பார்த்தாலும்தான் விடுறாங்க" என்றேன்.

அது பொய் இல்லை.

ஆகஸ்ட் 16, வெள்ளி

நேற்று கொடியேற்றம் முடிந்து பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்துக்கொண்டிருந்தபோது ரெக்ஸலின் வந்தாள். அவளும் என்னிடம் படித்தவள்தான். மூன்றாம் வகுப்பில் ஜன்னலோரம் உட்கார்ந்து தூங்குவாள். இப்போது எவ்வளவு மெலிந்துவிட்டாள்.

செப்டம்பர் எட்டு, மாதா பிறந்தநாள்தான் பெனிட்டாவுக்கும் பிறந்தநாள். இருந்தால் எட்டு வயது. அன்று மறுபடி பலூன் விட வேண்டுமாம். "பள்ளிக்கூடத்துல மட்டும் இல்ல டீச்சர். கோயில்ல வச்சு, பூசை முடிஞ்சதும், ஊருப் பிள்ளைய எல்லாம் விடணும். நானூறு ஐநூறு. எல்லா பலூன்லயும் கடுதாசி. பிள்ளைகள எழுத வைங்க டீச்சர். நீங்க சொன்னா எழுதும்."

பார்க்கலாம் என்றேன்.

"பாக்கலாம்னா?"

"பங்குச்சாமியார்கிட்டக் கேக்கணும்ல."

"கேட்டுட்டேன். டீச்சர் பொறுப்பெடுத்தா சரின்னுட்டாவ."

ஆகஸ்ட் 19, திங்கள்

ரெக்ஸலினிடம், சிலிண்டர்காரர் அந்த வாரம் வெளியூர் போகிறாராம் என்று சொன்னேன். அவள் அந்த இடத்திலேயே போனை எடுத்து அவரைக் கூப்பிட்டாள். ஊரில்தான் இருப்பேன், எத்தனை பலூன் வேண்டும் என்று கேட்டார் அவர். ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது.

ரெக்ஸலின் என்னைப் பார்த்தாள். நான் வருகைப்பதிவேட்டைத் திறந்து பார்த்தேன். அதில் பார்க்க ஒன்றும் இல்லை.

ஆகஸ்ட் 21, புதன்

ஆமை ஒரு துண்டு ரப்பரை வெளியேற்றியிருக்கிறது. மஞ்சள் நிறமாம்.

ஆகஸ்ட் 24, சனி

சிஸ்டரிடம் அட்டையைக் காட்டினேன். வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். பிறகு, "ரிப்பன் இல்லாம, லேமினேஷன் இல்லாம, வெறும் பலூனா விட்டா?" என்று கேட்டார்.

"அது முழுங்குனது பலூனத்தான் சிஸ்டர்."

"அந்தப் பொண்ணு மனசு என்னாகும்?"

"தெரியல."

"நீங்கதான் சொல்லணும் எமி. நான் சொன்னா கோயில் ஆர்டர் மாதிரி ஆயிரும்."

திரும்பும்போது கரையில் கென்னடி வலை பிரித்துக்கொண்டிருந்தார். இனிமேல் சொல்லாமல் இருக்க முடியாது, நாளை ரெக்ஸலினைத் தொட்டிக்கு அழைத்துப் போகப்போகிறேன் என்று சொன்னேன். வலையிலிருந்து கையை எடுக்கவில்லை. "நான் கூட வரல" என்றார். கொஞ்சம் கழித்து, "வெயிலுக்கு முந்தி கூட்டிட்டுப் போங்க. சாப்பிடாமக் கெடப்பா, மயக்கம் வரும்" என்றார்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

ஒன்பதரை மணிக்குத் தொட்டிக்குப் போனோம். டாக்டர் அப்போதுதான் ஊசி போட்டு முடித்திருந்தார். ரெக்ஸலினுக்கு ஏன் வந்தோம் என்று தெரியாது. கென்னடி பிடித்த ஆமையைக் காட்டப்போகிறேன் என்று மட்டும் நினைத்திருந்தாள்.

தொட்டிச் சுவரில் கையூன்றிப் பார்த்தாள். ஆமை அதே மாதிரிதான் ஒருக்களித்துக் கிடந்தது. தலையைக் குத்தியது. துடுப்பை அடித்தது. பின்பக்கம் தூக்கிக்கொண்டது. மறுபடி குத்தியது.

"ஏன் முங்க மாட்டேங்கு?"

டாக்டர் சொன்னார். என்னிடம் சொன்ன அதே வார்த்தைகள். பலூன் என்றதும் அவள் முகம் மாறவில்லை. அவளுக்கு அது வேறு யாருடைய பலூனோ. நான் பையிலிருந்து பைபிளை எடுத்து, அதிலிருந்து அட்டையை எடுத்துக் கொடுத்தேன்.

இரண்டு தடவை வாசித்தாள். பின்பக்கம் திருப்பிப் பார்த்தாள்.

"இது அன்னைக்கு விட்டதுல்லா?"

"ஆமா."

"இது எப்பிடி டீச்சர் உங்ககிட்ட?"

"கென்னடிதான் எடுத்தாரு. அந்த ஆமை கையில சுத்திக் கெடந்துச்சு."

டாக்டர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வாளியை எடுத்துக்கொண்டு மெல்ல அந்தப்பக்கம் போய்விட்டார்.

"அப்ப என்னோடதும் போகல."

"அது தெரியல ரெக்ஸலின்."

"டீச்சருக்குத் தெரியும். சொல்லுங்க."

"போயிருக்காது. கொஞ்ச தூரம் மேல போயி வெடிச்சு, கீழதான் விழுந்திருக்கும். கடல்லதான்."

சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். நானும் உட்கார்ந்தேன். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. அட்டையின் மடங்கிய ஓரத்தை நகத்தால் நிமிர்த்திக்கொண்டே இருந்தாள். அப்போது எனக்கு எப்படி வாய் திறந்தது என்று தெரியவில்லை. இந்த நோட்டில்கூட எழுதாததை அவளிடம் சொன்னேன்.

"ஆண்டுவிழா ஒத்திகையில, அன்னைக்கு, தலவலிக்குன்னு பெனிட்டா எங்கிட்ட வந்து சொன்னா. நெத்தியத் தொட்டுப் பாத்தேன். சுட்டுது. தண்ணி குடிக்க வச்சு, மறுபடியும் முன் வரிசையில கொண்டு நிப்பாட்டுனேன். ரெண்டு மணி நேரம் வெயில்ல ஆடுனா."

அட்டையை நிமிர்த்துகிற விரல் நின்றது.

"தெரியும் டீச்சர்" என்றாள்.

"யாரு சொன்னா?"

"அவதான். சாயங்காலம் வந்து சொன்னா. எமி டீச்சர் தண்ணி குடுத்தாவன்னு. அத மட்டுந்தான் சொன்னா."

ஐந்து மாதமாக என்னைத் தெருவில் பார்க்கும்போதெல்லாம் இவளுக்குத் தெரிந்திருக்கிறது. அவள் தொடர்ந்தாள்.

"உங்களுக்குத் தெரியாத ஒண்ணு இருக்கு. காலையிலயே சுட்டுச்சு. மருந்து ஊத்தி, சடை போட்டு, அனுப்புனது நாந்தான். டான்ஸுக்குப் பாவாட தைச்சு வச்சிருந்தேன். ஒரு வாரமா உக்காந்து ஜமிக்கி வச்சது. ஒத்திகைக்குப் போகலன்னா வேற பிள்ளைய நிப்பாட்டிருவாவன்னு அனுப்புனேன். அவருக்குத் தெரியாது. கடலுக்குப் போயிருந்தாரு. அதத்தான் டீச்சர் எழுதி ஒட்டிக் குடுத்தேன். ஒரு பதிலும் இல்ல. கனவுலகூட வரல. சேரலயோ என்னவோ, இன்னொரு தடவ அனுப்பிப் பாப்பம்னுதான் ஐநூறு கேட்டேன். ஐநூறுல ஒண்ணாவது போகாதா?"

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் எழுந்து மறுபடி தொட்டியை எட்டிப் பார்த்தாள். "நான் எழுதுனதும் இப்படி ஏதாவது ஒண்ணுக்க வயித்துல கெடக்குமா?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். "வேண்டாம் டீச்சர். விட வேண்டாம்" என்றாள்.

கிளம்பும்போது டாக்டரிடம், அன்று நீங்கள் கேட்டீர்களே, பலூன் விட்டது எங்கள் பள்ளிதான், ரிப்பன் கட்டியது நான்தான் என்று சொன்னேன். அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "பரவால்ல டீச்சர், இப்பவாவது சொன்னீங்களே. ஒவ்வொரு ஸ்கூலா நான் போயி சொல்றதவிட, நீங்க சொன்னா கேப்பாங்க" என்றார்.

ஆகஸ்ட் 26, திங்கள்

வழக்கம்போல் பள்ளி. தலைவலி. கென்னடி எதிரே வந்தார். தலையை மட்டும் அசைத்தார்.

ஆகஸ்ட் 30, வெள்ளி

ஆமை இன்று காலை ஆறு மணிக்கு இறந்துவிட்டது. டாக்டர் போன் செய்தார். நேற்று ஒரு கணவாய்த் துண்டைத் தின்றதாம், தேறிவிடும் என்றுதான் அவரும் நினைத்திருந்தார்.

மத்தியானம் போஸ்ட்மார்ட்டம், அரை நாள் லீவு போட்டுப் போனேன். மூன்று பலூன்கள். மஞ்சளின் மீதி, ஒரு நீலம், ஒரு வெள்ளை. வெள்ளையின் கழுத்தில் என்னுடைய இரட்டை முடிச்சு அப்படியே இருந்தது. மூன்றில் ஒன்றுதான் நம்முடையது என்று இரண்டு தடவை நினைத்துக்கொண்டேன். அப்புறம் அப்படி நினைப்பதை விட்டுவிட்டேன்.

பெண் ஆமையாம். வயிற்றில் முட்டை உருவாகும் வயது என்றார்.

செப்டம்பர் 2, திங்கள்

முதல் பாடவேளையில் பிள்ளைகளிடம் சொன்னேன். நேற்று முழுக்க எப்படிச் சொல்வதென்று எழுதிப் பார்த்து நான்கு தாளைக் கிழித்தேன். கடைசியில் நடந்ததை நடந்தபடி சொன்னேன். பலூன் மேலே போய் வெடித்தது, கடலில் விழுந்தது, ஆமை அதைச் சொறி என்று நினைத்துத் தின்றது, டாக்டர் காப்பாற்றப் பார்த்தார், முடியவில்லை.

ஹில்டா எழுந்தாள். "அப்ப நான் எழுதுனது பெனிட்டாவுக்குப் போகலையா டீச்சர்?"

"போகல."

"யாரோடதும்?"

"யாரோடதும் போகல, கண்ணு."

பின்வரிசையில் ரொசாரியோ. எப்போதும் சண்டைக்காரன். "அப்ப எதுக்கு டீச்சர் விடச் சொன்னீய?"

"எனக்குத் தெரியாம இருந்துச்சு. கேட்டுத் தெரிஞ்சிருக்கணும், கேக்கல. தப்பு என்னோடது. உங்களோடது இல்ல."

டீச்சர் தப்பு என்று சொல்லி அவர்கள் கேட்டதில்லை. ரொசாரியோ உட்கார்ந்தான். சிறிது நேரத்தில் இரண்டு மூன்று பேர் அழுதார்கள். பெனிட்டாவுக்காகவா, ஆமைக்காகவா என்று நான் கேட்கவில்லை. யாரையும் அடக்கவும் இல்லை. மார்ச்சில் அழ விடாமல் உடனே பாடம் எடுத்தவள் நான்.

செப்டம்பர் 4, புதன்

பக்கத்து ஊர் மெட்ரிக் பள்ளியில் ஆசிரியர் தினத்துக்குப் பலூன் விடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். அட்டையையும் ரெக்ஸலினிடம் கேட்டு வாங்கிக் கொண்டு போனேன். முதல்வர் நல்லபடியாகத்தான் கேட்டார். "ரொம்ப வருத்தமா இருக்கு மேடம். ஆனா கார்டு அடிச்சு பேரன்ட்ஸுக்குக் கொடுத்தாச்சு. அடுத்த வருசம் கண்டிப்பா யோசிக்கிறோம்" என்றார். டீ கொடுத்தார்கள்.

செப்டம்பர் 5, வியாழன்

பதினோரு மணி வாக்கில் அந்தப் பக்கத்திலிருந்து சிவப்பும் பச்சையுமாகக் கூட்டம் ஒன்று கடலுக்குப் போனது. எங்கள் பிள்ளைகள் மைதானத்திலிருந்து பார்த்தார்கள். யாரும் கை தட்டவில்லை. ரொசாரியோ எண்ணப் பார்த்து, பாதியில் விட்டுவிட்டான்.

சாயங்காலம் ஹில்டா அவள் அம்மாவோடு போய் அந்தப் பென்சில் டப்பாவை ரெக்ஸலின் கையில் கொடுத்திருக்கிறாள். சிஸ்டர் சொன்னார்.

செப்டம்பர் 8, ஞாயிறு

மாதா பிறந்தநாள் பூசையில் பெனிட்டாவுக்காகவும் ஜெபித்தார்கள். முடிந்து வெளியே வந்ததும் ரெக்ஸலின் என்னிடம் வந்தாள். "இன்னைக்கு யாரும் தொழிலுக்குப் போகமாட்டாவ. வள்ளம் சும்மாதான் கெடக்கு. அந்த ஆமையப் பாத்த எடத்துக்கு என்னக் கூட்டிட்டுப் போக அவர்ட்ட சொல்லியிருக்கேன். நீங்களும் வாங்க டீச்சர்" என்றாள். கடல்புரத்தில் பிறந்து நாற்பத்தொன்பது வருடம் ஆகிறது. வள்ளத்தில் ஏறியதில்லை. ஏறினேன். கென்னடி இடுப்பளவு தண்ணீரில் நின்று எங்கள் இருவரையும் கைகொடுத்து ஏற்றினார்.

மேல்காற்று அடங்கிவிட்டது. கடல் எண்ணெய் மாதிரி கிடந்தது. முக்கால் மணி நேரம் ஓடியிருப்போம். கரையில் கோயில் கோபுரம் மட்டும் தெரிந்தது. ஓரிடத்தில் பாசியும் நுரையும் நீளக் கோடாகச் சேர்ந்து மிதந்தன. "இந்த நீரோட்டத்துலதான் எல்லாம் வந்து சேரும். இங்கதான் பாத்தேன்" என்றார்.

அந்தக் கோட்டில் ஒரு சிவப்பு ரப்பர் கிடந்தது. ரெக்ஸலின் குனிந்து எடுத்தாள். அப்புறம் ஒரு பச்சை. ஹேப்பி பர்த்டே என்று அச்சடித்த வெள்ளி நிறப் பலூன் ஒன்று, பாதிக் காற்றோடு. கென்னடி வேகத்தைக் குறைத்து அந்தக் கோட்டோடு ஓட்டினார். நாங்கள் இருவரும் இரண்டு பக்கமும் குனிந்து எடுத்தோம். பதினாலு கிடைத்தது. கையில் பிடித்தால் வழவழவென்று, நான் ஆமையாக இருந்தாலும் ஏமாந்திருப்பேன். வெள்ளை ஒன்றும் இல்லை. கடிதம் ஒன்றும் இல்லை.

"போதுமா?" என்று கேட்டார் கென்னடி.

"எஞ்சின அமத்துங்க" என்றாள் ரெக்ஸலின்.

அமர்த்தினார். எனக்குப் புரிந்தது. நான் முன்பக்கம் போய், அவர்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டேன். வள்ளத்தில் அதற்கு மேல் விலகிப் போக இடம் இல்லை.

அவள் சுற்றி வளைக்காமல் சொன்னாள். காலையிலேயே சுட்டது, மருந்து ஊற்றினேன், அனுப்பினேன், பாவாடைக்காக. தொட்டியருகே என்னிடம் சொன்னதைவிடக் குறைந்த வார்த்தைகள். சொல்லி முடித்ததும் வள்ளத்தின் பக்கத்தில் தண்ணீர் தட்டுகிற சத்தம். வெயில் என் கழுத்தில் சுட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

"இத இத்தன நாளும் தனியாவா வச்சிருந்த?" என்று கென்னடி கேட்டார்.

அதற்குப் பிறகுதான் அவள் அழுதாள். நான் கேட்ட வரையில், மார்ச்சிலிருந்து முதல் தடவை.

எஞ்சின் மறுபடி ஓடத் தொடங்கியபோது அவள் நடுப்பலகையை விட்டு எழுந்து, எஞ்சினருகே அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். கரை வரும் வரை இருவரும் பேசிக்கொண்டே வந்தார்கள். எஞ்சின் சத்தத்தில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.